பைரனை அன்று யார் படித்தார்கள்? தேடிப் பிடிக்க ஒரு கையேடு

எம்.ஏ. இறுதி ஆண்டு ப்ராஜெக்டுக்கு வருடா வருடம் யாராவது ஒருவர் ஆங்கிலக் கவிஞர் பைரனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். 'பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர்கள் பைரனை எப்படி வரவேற்றார்கள்' என்று தலைப்பு. தலைப்பில் தப்பில்லை. அவர்கள் கொண்டுவரும் முதல் அத்தியாயத்தில்தான் சிக்கல். எடின்பரோ ரிவ்யூ இப்படிச் சொன்னது, குவார்ட்டர்லி ரிவ்யூ அப்படிச் சொன்னது, பிளாக்வுட்ஸ் திட்டித் தீர்த்தது என்று அன்றைய பத்திரிகை மதிப்புரைகளே முப்பது பக்கம் இருக்கும். வாசகர் ஒருவர்கூடத் தலைகாட்ட மாட்டார். மதிப்புரை எழுதியவர் காசு வாங்கிக்கொண்டு எழுதியவர். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவர், இரவல் வாங்கிப் படித்தவர், வீட்டில் ஒருவர் வாசிக்கக் கேட்டவர், திருட்டுப் பதிப்பை ஒளித்துவைத்துப் படித்தவர் எல்லாம் எங்கே போனார்கள்?

அவர்களைத் தேடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். லண்டனுக்கோ எடின்பரோவுக்கோ போய்ப் பார்க்க எங்களுக்கு வசதி கிடையாது. எங்கள் நூலகத்தில் பழைய புத்தகங்கள் இருக்கும் பீரோவுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஓர் ஆராய்ச்சி. ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி ஒரு லேப்டாப்பும் ஒரு நோட்டும் இருந்தால் செய்யக்கூடியது.

முதலில் விலையைப் பாருங்கள்

கவிதையை அப்புறம் படிக்கலாம். நோட்டில் முதலில் எழுத வேண்டியது புத்தகத்தின் பெயர், வெளியான தேதி, அளவு, விலை, எத்தனை பிரதி. மொய் நோட்டு எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதிக்கொண்டே போங்கள்.

பைரனின் நெடுங்கவிதை 'சைல்ட் ஹெரால்ட்' முதல் இரண்டு காண்டங்களை ஜான் மர்ரே 1812 மார்ச் 10 அன்று லண்டனில் வெளியிட்டார். பெரிய குவார்ட்டோ அளவு, 500 பிரதி, விலை 30 ஷில்லிங். மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது. 'ஒருநாள் காலை கண்விழித்தேன், புகழ்பெற்றிருந்தேன்' என்று பைரன் சொன்னதாக அவருடைய நண்பர் தாமஸ் மூர் பின்னாளில் எழுதினார். எல்லா ப்ராஜெக்டிலும் இந்த வாசகம் முதல் பக்கத்தில் இருக்கும். சரி, ஆனால் 500 பிரதியை வாங்கியது யார்? 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அன்றைய பண்ணைக் கூலியாளுக்கு 30 ஷில்லிங் என்பது இரண்டு வாரக் கூலிக்குக் குறையாது. அப்படியானால் அந்த மார்ச் மாதத்தில் பைரனுக்குக் கிடைத்த புகழ் லண்டன் மேட்டுக்குடி வரவேற்பறைகளில் கிடைத்த புகழ். சிறிய அளவில் விலை குறைந்த பதிப்பு வந்து, லெண்டிங் லைப்ரரிகளில் புத்தகம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்கள் கைக்கு அது போகிறது. இந்த இடைவெளியைக் காட்டாமல் 'இங்கிலாந்தே கொண்டாடியது' என்று எழுதினால் நான் சிவப்பு மையில் கோடு போடுவேன்.

அடுத்த வரி பைரனின் கதைக் கவிதை 'தி கோர்சேர்'. 1814 பிப்ரவரி 1. விலை ஐந்தரை ஷில்லிங். வெளியான அன்றே 10,000 பிரதி போனது. இந்த எண் மர்ரே பைரனுக்கு எழுதிய கடிதத்தில் இருந்து வருகிறது. விற்றவரே சொன்ன கணக்கு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் யார் என்ற கட்டம் இல்லாத நோட்டு எதற்கும் உதவாது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. கடைக்காரர்கள் மொத்தமாக எடுத்துப் போனதும் இந்த 10,000இல் சேரும். ஒவ்வொரு பிரதியையும் அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து படித்தார் என்று அர்த்தமில்லை.

மதிப்புரைகளை எப்படிப் படிப்பது

மதிப்புரைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யார் எழுதியது, யாருடைய பத்திரிகை, எந்தக் கட்சி என்று பார்த்துப் படியுங்கள் என்கிறேன். அந்தக் காலத்து மதிப்புரைகளில் பெயர் இருக்காது. பைரனின் முதல் கவிதைத் தொகுப்பை எடின்பரோ ரிவ்யூ 1808இல் கிழித்துத் தோரணம் கட்டியது. எழுதியவர் ஆசிரியர் ஜெஃப்ரி என்று நினைத்துக்கொண்டு பைரன் மறு வருடமே ஒரு அங்கதக் கவிதை எழுதி அவரைத் தாளித்துவிட்டார். உண்மையில் எழுதியவர் ஹென்றி பிரூம். பாதிக்கப்பட்டவருக்கே தெரியவில்லை என்றால் நமக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் பாருங்கள்.

எடின்பரோ ரிவ்யூ சீர்திருத்தம் பேசிய விக் கட்சிப் பக்கம். குவார்ட்டர்லி ரிவ்யூ அன்று ஆட்சியில் இருந்த டோரிக் கட்சிப் பக்கம். அதை வெளியிட்டதோ பைரனின் பதிப்பாளர் மர்ரேயேதான். எனவே ஒரு பத்திரிகை பேசாமல் இருந்தாலும் அது ஒரு தகவல். 1819இல் பைரனின் நெடுங்கவிதை 'டான் ஜுவான்' வந்தபோது இந்த இரண்டு பெரிய பத்திரிகைகளும் வாயே திறக்கவில்லை. பிளாக்வுட்ஸ் மட்டும் ஆகஸ்டில் பாய்ந்து குதறியது. இரண்டு வருடம் கழித்து, அதே பிளாக்வுட்ஸ் வட்டத்தைச் சேர்ந்த லாக்ஹார்ட், 'ஜான் புல்' என்ற புனைபெயரில் ஒரு சிறு வெளியீடு போட்டு, டான் ஜுவானை விட்டுவிடாதீர்கள், நீங்கள் எழுதியதிலேயே உண்மையானது அது ஒன்றுதான் என்று பைரனுக்கு அறிவுரை சொல்கிறார். முகம் காட்டாதபோது ரசிகன் வெளியே வருகிறான். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இது.

அரசியலையும் மறந்துவிடக் கூடாது. 'கோர்சேர்' நூலோடு, பட்டத்து இளவரசரைக் குத்திக்காட்டும் எட்டு வரிக் கவிதை ஒன்றையும் பைரன் தன் பெயரிலேயே சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் முன்பு பெயரில்லாமல் பத்திரிகையில் வந்தது அது. அரசாங்க ஆதரவுப் பத்திரிகைகள் உடனே கொதித்தெழுந்தன. 1814 பிப்ரவரியில் அச்சான வசவுகளை எடுத்து 'கோர்சேருக்கு எதிர்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள். கோபம் அந்த எட்டு வரி மேல். கடற்கொள்ளைக்காரன் கதையை அதே வீடுகளில் எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தேதி விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. அட்டையில் உள்ள மாதத்தை நம்ப வேண்டாம். 'சைல்ட் ஹெரால்ட்' மூன்றாம் காண்டத்துக்கு வால்டர் ஸ்காட் எழுதிய மதிப்புரை குவார்ட்டர்லி ரிவ்யூவின் 1816 அக்டோபர் இதழில் இருக்கிறது. அந்த இதழ் கடைக்கு வந்ததோ 1817 பிப்ரவரியில். நூல் நவம்பரில் வந்தது. அக்டோபர் மதிப்புரையைப் படித்துவிட்டு நவம்பரில் நூலை வாங்கினார்கள் என்று எழுதிய மாணவர்கள் உண்டு.

கடிதம், நாட்குறிப்பு, நாவல்

இனி வாசகர்களிடம் போகலாம். தொடங்க நல்ல இடம் 'ரீடிங் எக்ஸ்பீரியன்ஸ் டேட்டாபேஸ்'. பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி நடத்திய திட்டம். 1450 முதல் 1945 வரை யார் எதைப் படித்தார்கள் என்பதற்கான சான்றுகளைக் கடிதங்கள், நாட்குறிப்புகள், சுயசரிதைகளில் இருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். இலவசம். பைரன் என்று தட்டினால் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் சான்று எங்கிருந்து வந்தது என்று இருக்கும். அதோடு நிற்காமல் அந்தக் கடிதத் தொகுப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் போன்ற ஸ்கேன் நூல் தளங்களில் திறந்து, முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படியுங்கள். பைரனைப் பற்றிய அந்த ஒரு வரி எதற்கு நடுவில் வருகிறது என்பதுதான் விஷயமே.

உதாரணம் சொல்கிறேன். 1814 மார்ச் 5 அன்று லண்டனில் இருந்து நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதுகிறார்: கோர்சேரைப் படித்தாயிற்று, பாவாடையைத் தைத்துச் சரிசெய்தாயிற்று, வேறு வேலை ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். நூல் வெளியாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஊரே பேசுகிற புத்தகம். இவர் அதைக் கிழிந்த பாவாடையோடு ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இதை 'ஆஸ்டின் பைரனை வெறுத்தார்' என்று நீட்ட வேண்டாம். படித்தார், உடனே படித்தார், மயங்கவில்லை. சான்று அவ்வளவுதான் சொல்கிறது.

இதோடு சேர்த்து ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' நாவலில் லைம் ஊரில் நடக்கும் உரையாடலைப் படியுங்கள். காதலியை இழந்த கேப்டன் பென்விக், பைரனின் கதைக் கவிதை 'ஜாவூர்' பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் தொடங்கி, ஸ்காட்டையும் பைரனையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் ஆன், கொஞ்சம் உரைநடையும் சேர்த்துப் படித்தால் நல்லது என்று பக்குவமாகச் சொல்கிறாள். கதாபாத்திரத்தைச் சாட்சியாக நிறுத்த முடியாதுதான். ஆனால் 1817 டிசம்பரில் இந்த நாவலை வாங்கியவர்கள் இந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டுமானால், சோகத்துக்கு பைரனை மருந்தாகக் குடிக்கும் இளைஞர்களை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

பைரனுக்கு முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள் தனிச் சுரங்கம். பெரும்பாலும் பெண்கள், பலர் பெயர் போடாமல் எழுதினார்கள். கையெழுத்துக் கேட்டவர்கள், ஒரு கற்றை முடி கேட்டவர்கள், சொந்தக் கவிதையை அனுப்பியவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. கேலி பேசிய பைரன் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். மர்ரே பதிப்பகத்தின் ஆவணங்களோடு அவை இப்போது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டிய பகுதிகள்தான். அதை வைத்து வேலை செய்யும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடிதம் எழுதத் துணிந்தவர் எல்லா வாசகருக்கும் பிரதிநிதியா? கவிஞரின் துயரம் தனக்கு மட்டும் புரிகிறது என்று நினைத்தவர் எழுதினார். படித்து ரசித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர் எழுதவில்லை.

அடுத்த வகைச் சான்று, பெண்கள் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள். பிடித்த கவிதைகளைக் கையால் எழுதி, படம் ஒட்டி, தோழிகளுக்குக் காட்டுவார்கள். இதில் எதை எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நீண்ட கதையில் பிரிவைப் பற்றிய எட்டு வரி மட்டும் நோட்டுக்கு வந்திருந்தால், அந்த வாசகிக்கு துருக்கியும் கொலையும் வேண்டாம், அந்த எட்டு வரி போதும். மனைவியைப் பிரிந்தபோது பைரன் எழுதிய 'ஃபேர் தீ வெல்' 1816 ஏப்ரலில் பத்திரிகையில் வந்து ஊர் வம்பாகிவிட்டது. அதே கவிதை, யார் எழுதியது, யாரைப் பற்றி என்ற விவரமெல்லாம் உதிர்ந்து, பொதுவான பிரிவுப் பாட்டாகவும் புழங்கியது.

டான் ஜுவானுக்குத் தனி நோட்டு போடுங்கள்

இந்த ஒரு நூலுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1819 ஜூலை 15 அன்று வெளியான பதிப்பின் ஸ்கேன் கிடைத்தால் முதல் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். கவிஞர் பெயர் இல்லை. பதிப்பாளர் பெயரும் இல்லை. அச்சடித்த டேவிசன் பெயர் மட்டும் இருக்கும். மர்ரேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியிடவும் ஆசை, மாட்டிக்கொள்ளவும் பயம். உள்ளே சில இடங்களில் வரிகளுக்குப் பதில் நட்சத்திரக் குறிகள். இன்று நாம் படிக்கும் பதிப்பின் தொடக்கத்தில் கவிஞர் ராபர்ட் சதேயைக் கிண்டல் செய்யும் சமர்ப்பணம் இருக்கிறதே, அது அந்தப் பதிப்பில் கிடையாது. கவிஞர் இறந்து பல வருடம் கழித்து 1830களில்தான் நூலில் சேர்ந்தது. 1819 வாசகரின் எதிர்வினையை எழுதும்போது அவர் கையில் இருந்த பிரதியில் என்ன இருந்தது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

விலை ஒன்றரைப் பவுண்டுக்கும் மேல், அதாவது முப்பத்தொன்றரை ஷில்லிங். 1,500 பிரதி. வேண்டுமென்றே வைத்த விலை என்றுதான் சொல்ல வேண்டும். பணக்காரன் படித்தால் ஒழுக்கம் கெடாது என்று அன்றைய அரசு நம்பியது. ஆனால் சட்டம் வேறு வழியில் போய் முட்டியது. ஒழுக்கத்துக்கோ மதத்துக்கோ கேடான நூல் என்றால் பதிப்புரிமைப் பாதுகாப்பு கேட்டு வர முடியாது என்பது நீதிபதி எல்டன் பிரபுவின் நிலை. அவர் இதை 1817இல் சொன்னது யாருடைய வழக்கில் தெரியுமா? சதேயின் இளமைக் கால நாடகம் ஒன்றைத் திருட்டுப் பதிப்பாகப் போட்டவர்கள்மேல் சதேயே தொடுத்த வழக்கில். பிறகு 1822இல் பைரனின் 'கெய்ன்' நாடகத்துக்கும் அதே கதி.

விளைவு என்ன? பென்போ, டக்டேல் போன்ற, தீவிர அரசியல் சீர்திருத்தம் பேசிய அச்சகத்தார் டான் ஜுவானைச் சல்லிசாக அடித்துத் தள்ளினார்கள். ஆறாம் காண்டம் தொடங்கி நூலை ஏற்றுக்கொண்ட ஜான் ஹன்ட், திருடர்களை முந்துவதற்காக 1823இல் ஒரு ஷில்லிங் பதிப்பே போட்டார். நான்கு வருடத்தில் முப்பத்தொன்றரையில் இருந்து ஒன்று! நூல் கெட்டது என்று நீதிமன்றம் சொன்னதாலேயே அது கைத்தொழிலாளி வீட்டுக்குப் போனது. 1845இல் ஏங்கல்ஸ், இங்கிலாந்தில் பைரனுக்கும் ஷெல்லிக்கும் அதிக வாசகர்கள் தொழிலாளிகள்தான், முதலாளி வீட்டில் இருப்பதெல்லாம் வெட்டிக் குறைத்த 'குடும்பப் பதிப்பு' என்று எழுதியதற்குப் பின்னால் இந்த விலைக் கதை இருக்கிறது. அவருக்கு அதைச் சொல்ல ஓர் அரசியல் காரணமும் இருந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

நூலை வெறுத்தவர்களையும் தேடுங்கள். பைரனின் காதலி தெரேசா குச்சோலி பிடிவாதம் பிடித்து 1821இல் டான் ஜுவானை எழுதுவதையே நிறுத்தவைத்தார். அடுத்த வருடம் மனமிரங்கினார். 1820இல் இத்தாலிக்குக் கப்பலில் போன கவிஞர் கீட்ஸ், கப்பல் உடையும் பகுதியைப் படித்துவிட்டு அருவருப்போடு நூலை வீசினார் என்று உடன் சென்ற ஓவியர் செவர்ன் சொல்கிறார். இது செவர்ன் பல வருடம் கழித்து நினைவில் இருந்து சொன்னது. அன்றே எழுதிய கடிதத்தையும், வயதான பிறகு சொன்ன நினைவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நோட்டில் இரண்டு தேதிக் கட்டம் வேண்டும்: படித்த தேதி, சொன்ன தேதி.

1824 மே முதல் ஜூலை வரை

சாட்சி கொட்டிக் கிடக்கும் காலம் இது. பைரன் ஏப்ரல் 19 அன்று கிரீஸில் மிசலோங்கியில் இறந்தார். செய்தி மே நடுவில்தான் லண்டனை எட்டியது. அந்த வாரக் கடிதங்களைத் தேடுங்கள். சூரியனோ சந்திரனோ வானத்தைவிட்டுப் போய்விட்டது என்று கேட்டிருந்தால்கூட இப்படி ஒரு வெறுமை தோன்றியிருக்காது என்று ஜேன் வெல்ஷ், பின்னால் கணவராகப் போகிற எழுத்தாளர் கார்லைலுக்கு எழுதினார். பின்னாளில் பெரிய கவிஞரான டென்னிசன், அப்போது பதினான்கு வயது, ஊர் ஓரத்தில் ஒரு பாறையில் 'பைரன் இறந்துவிட்டார்' என்று செதுக்கினாராம். இது அவரே பிற்பாடு சொன்னது, ஆகவே இரண்டு தேதி.

இறுதி ஊர்வலத்துக்கு ஜான் கிளேரைப் படியுங்கள். விவசாயக் கூலி வீட்டுக் கவிஞர். தற்செயலாக லண்டனில் இருந்தார். ஊர்வலம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெண் பெருமூச்சுவிட்டு, 'பாவம் பைரன் பிரபு' என்றாள் என்று எழுதிவைத்தார். பிரபுக்கள் வரவில்லை, ஆளில்லாத வண்டிகளை மரியாதைக்கு அனுப்பியிருந்தார்கள். தெருவில் நின்றதெல்லாம் சாமானியர்கள். அந்தப் பெண் பைரனை எந்தப் பதிப்பில் படித்தாள், படித்தாளா, பாட்டாகக் கேட்டாளா என்பதற்குச் சான்று இல்லை. ஆனாலும் என் மாணவர்கள் எழுதும் வரவேற்பு வரலாற்றில் அவளுக்கு ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பைரனை அடக்கம் செய்ய இடம் மறுத்ததற்கு எல்லோரும் ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள்.

இதற்குப் பிந்திய காலத்தை வேகமாகக் கடக்கலாம். 1830களில் கார்லைல், பைரனை மூடிவைத்துவிட்டு கதேயைத் திற என்றார். 1869இல் அமெரிக்க நாவலாசிரியர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், பைரனின் மனைவி பக்க நியாயத்தை அமெரிக்கப் பத்திரிகையில் எழுதி இரண்டு கண்டத்திலும் புயல் கிளப்பினார். 1881இல் விமர்சகர் மாத்யூ ஆர்னால்டு பைரன் கவிதைகளில் ஒரு தேர்ந்தெடுத்த தொகுப்பு போட்டார். இவற்றுக்குப் பொதுவாகவே நல்ல நூல்கள் கிடைக்கும்.

தேடும்போது சில நடைமுறைகள். ஸ்கேன் நூல்களில் எழுத்துத் தேடலை முழுதாக நம்பாதீர்கள். 'லார்ட் பி.' என்று சுருக்கியிருப்பார்கள், 'சைல்ட்' என்பதில் கடைசி 'ஈ' விட்டுப்போயிருக்கும், ஜாவூரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். பைரன் என்ற பெயரோடு கதாபாத்திரப் பெயர்களையும் தட்டுங்கள். கான்ராட், மெடோரா, ஜுலைக்கா என்று தேடினால் எதிர்பாராத கடிதமெல்லாம் வரும். பழைய செய்தித்தாள் தளங்கள் பெரும்பாலும் கட்டணம். முதலில் இலவசமாகக் கிடைப்பதைக் கரைத்துக் குடித்துவிட்டு, தேதி பட்டியல் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள்.

கடைசியாக, நம் பக்கத்து வாசகர் ஒருவர். 1842 நவம்பரில் கல்கத்தாவில், பின்னாளில் பெரிய வங்காளக் கவிஞரான பதினெட்டு வயது மதுசூதன் தத், நண்பன் கௌர் தாஸுக்கு எழுதுகிறார்: எனக்குப் பிடித்த பைரனின் வாழ்க்கையை மூர் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அருமையான நூல், நான் பெரிய கவிஞனானால் என் வாழ்க்கையை நீ எழுத வேண்டும், இங்கிலாந்து போக முடிந்தால் நிச்சயம் ஆகிவிடுவேன். கவனியுங்கள், அவர் படிப்பது கவிதையை அல்ல, கவிஞனின் வாழ்க்கையை. அடுத்த சில மாதங்களில் மதம் மாறினார்; 1848இல் சென்னைக்கு வந்து பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1849இல் 'தி கேப்டிவ் லேடி' என்ற ஆங்கிலக் கதைக் கவிதையை இங்கேயே அச்சிட்டார். பிருத்விராஜன் கதை, பைரனும் ஸ்காட்டும் எழுதிய கதைக் கவிதைகளின் அச்சில். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைகிறவர்கள் அதை 'ஜாவூர்' பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். எதை அப்படியே எடுத்தார், எதைத் தொடவே இல்லை என்று இரண்டு பக்கமாக எழுதிக்கொண்டு, பிறகு என்னிடம் வாருங்கள்.